தலைதீபாவளி வேட்டி

மாமாவுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, வேட்டி எடுக்கப் போனேன். கடையில் அடித்த புதுத்துணிக் கஞ்சி வாசனை என்னை ஏழு வயதுக்கு இழுத்துப்போனது.

அறுபதுகளில் ஒரு ஐப்பசி. அக்காவுக்குத் தலைதீபாவளி. குறிஞ்சிப்பாடியில் வாத்தியாராக இருந்த அப்பா, மாமாவையும் என்னையும் துணியெடுக்கச் சிதம்பரம் கூட்டிப்போனார். புது மாப்பிள்ளை என்றதும் கடைக்காரர் பட்டு வேட்டியை விரித்தார். அதை எடுத்தால் அம்மாவுக்குப் புடவை கிடையாது. விலையைக் கேட்டு ஒரு நொடி தயங்கிய அப்பா, "அதையே குடுங்க" என்றார்.

"வேணாம் மாமா. பட்டு கட்டுனா எனக்கு அரிக்கும். நூல் வேட்டி போதும்" என்றார் மாமா.

"கல்யாணத்துல நாள் பூரா பட்டுதானே கட்டியிருந்தீங்க?" என்று நான் உரக்கக் கேட்டுவிட்டேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கும் அரிச்சுதும்மா. மாப்ள சொறிஞ்சா நல்லாவா இருக்கும்? பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் மாமா.

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு அப்பாவும் சிரித்தார்.

நூல் வேட்டி, அம்மாவுக்குச் சுங்குடிப் புடவை, எனக்குப் பாவாடை எல்லாம் கையிலிருந்த பணத்துக்குள் அடங்கின. அதுவரை மருமகனை "வாங்க மாப்ள" என்றே அழைத்துவந்த அப்பா, கடைப் படியில் அவர் தோளில் கைபோட்டு, "வா தம்பி, காப்பி சாப்புடலாம்" என்றார்.