காரணம் என்ற கட்டம்

தல்லாகுளத்தில் என் கிளினிக்கில் அன்று காலை நல்ல கூட்டம். நான் பயிற்சி எடுத்த அரசு ஆஸ்பத்திரியின் பழைய வார்டு ஊழியர் முருகன் போனில் கூப்பிட்டு, "சார், நம்ம ரோஸ்லின் சிஸ்டர் போயிட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

அந்த வார்டில் இருந்தவர்களுக்கு நர்ஸ் ரோஸ்லினை நினைவிருக்கும். தொண்ணூறுகளின் கடைசி. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த பிள்ளைகள் வாரம் தவறாமல் வருவார்கள். பயிற்சி டாக்டர்களான நாங்கள் காப்பாற்றிய கையோடு திட்டவும் செய்வோம். திட்டினால் புத்தி வரும் என்று நிஜமாகவே நம்பினோம். "நொந்து வந்துருக்குற புள்ளைய நீங்க வேற ஏன் டாக்டர்?" என்பார் சிஸ்டர்.

ஒருநாள் பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். கண் விழித்ததுமே கேஸ் ஷீட்டோடு போய் நின்று, ஏன் என்று கேட்டேன். "அம்மா திட்டுச்சு" என்றாள். காரணம் என்ற கட்டத்தில்: தாய் திட்டியது. எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி, விசாரிக்க வந்த போலீஸ்காரர் வாய்வழியாக வராந்தாவில் நின்ற பெற்றோரிடம் போனது. "பெத்தவளாடி நீ?" என்று கத்திய அப்பா, அம்மாவைக் கட்டில் பக்கமே விடவில்லை.

மூன்றாம் நாள் சிஸ்டர் என்னை ஓரமாக அழைத்தார். "அந்தப் புள்ள உங்க பேனாவுக்கு ஒரு பதிலக் குடுத்து அனுப்பிருச்சு டாக்டர். இப்பத்தான் வாயத் தொறக்குது." அவள் சிஸ்டரிடம் சொன்னது வேறு: பல மாதமாகத் தூக்கமில்லை, வகுப்பில் பட்ட அவமானம், யாரிடமும் சொல்ல முடியாத பயம். அம்மாவின் திட்டு கடைசி நாளில் நடந்த ஒன்று, அவ்வளவுதான். "இம்புட்டு இருக்கு. ஒரு வரியில முடிச்சிட்டீங்களே. அந்தம்மாட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

போனேன். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நான் திட்டுனதாலதானா சார்?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். பக்கத்தில் அப்பா நின்றார். எழுதியவன் நான். தப்பாக எழுதிவிட்டேன் என்று அவர் எதிரில் ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. பின்னாலிருந்து சிஸ்டர்தான், "இல்லம்மா. உள்ள வாங்க, புள்ள உங்களத்தான் தேடுது" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

பெண் தேறினாள். மனநல டாக்டரிடம் அம்மாதான் மாதாமாதம் அழைத்து வந்தார். என்னைக் கண்டால் கும்பிடுவார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருக்கும்.

இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே காரணம் எழுதுவதில்லை. உட்கார்ந்து கேட்கிறேன். சிஸ்டர் எனக்குக் கொடுத்துப்போன பழக்கம் அது. ஆனால் அந்த அம்மா கேட்டது என்னிடம். பதில் சொன்னது சிஸ்டர். நான் இன்னும் சொல்லவில்லை.