பஞ்சு வீட்டுக்கு வந்த ஜப்தி வண்டி

பஞ்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் தைப்பது அவர் தொழில். மாலையில் வீடு திரும்பும்போது தலைமுடியிலும் புருவத்திலும் காதோரத்திலும் ஸ்பாஞ்சுத் தூள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் அது. மனசும் அப்படித்தான் என்பார்கள் தெரிந்தவர்கள். யார் அழுத்தினாலும் அமுங்கிவிடுவார், கையை எடுத்ததும் உப்பிக்கொண்டு சிரிப்பார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. பஞ்சு கட்டிய சோபாவில் உட்கார்ந்த விருந்தாளிகள் லேசில் எழுந்து போவதில்லை என்று ஒரு வீட்டுக்காரம்மா புகாராகவே சொல்லியிருக்கிறார்.

அந்த நல்ல பெயர்தான் அவரை மாட்டிவிட்டது. பெரிய மரச்சாமான் கடை முதலாளி ஒருவர் மாதாமாதம் சோபா கட்டித்தரச் சொன்னார். "சந்துக்குள்ள உட்கார்ந்துட்டு என்ன பண்றீங்க? மெயின் ரோட்டுக்கு வாங்க, நான் இருக்கேன்" என்றார். பஞ்சு கடன் வாங்கி மெயின் ரோட்டுக்கு வந்தார். கண்ணாடி முகப்பு, உள்ளே மஞ்சள் விளக்கு, வாசலில் ஒரு தொட்டிச்செடி. ஒரு வருஷம் முடிவதற்குள் மரச்சாமான் கடையின் ஷட்டர் இறங்கியது. "நான் இருக்கேன்" என்றவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. செய்து கொடுத்த சோபாக்களுக்குப் பணமும் வரவில்லை.

முதல் கடனுக்குத் தவணை கட்ட இரண்டாவது கடன். அதற்கு வட்டி கட்ட கிரெடிட் கார்டு. கார்டை அடைக்க ஒரு தனியார் பைனான்ஸ். ஓட்டை வாளிக்கு அடியில் இன்னொரு ஓட்டை வாளியை வைத்துத் தண்ணீர் பிடித்த கதை. கடைசியில் மெயின் ரோட்டுக் கடையைக் காலி செய்துவிட்டு, தையல் மெஷினை வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்து போட்டார். பின்னாலேயே கோர்ட் நோட்டீஸும் வந்தது. பணம் கட்டாவிட்டால் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்வோம் என்று.

அன்றைக்குப் பிடித்தது பயம். முடிவெட்டப் போன இடத்தில் சும்மா கேட்பதுபோல் கேட்டார். "ஜப்தின்னா என்னென்ன எடுப்பாங்க?"

முடிவெட்டுபவர் கத்தரிக்கோலை நிறுத்தவேயில்லை. "கட்டியிருக்கற துணிய மட்டும் விட்டுருவாங்களாம். தொழில் பண்றவன் வீடுன்னா முதல்ல மெஷினத்தான் தூக்குவாங்க. ஏன், யாருக்கு?"

"சொந்தக்காரர் ஒருத்தருக்கு" என்றார் பஞ்சு. பாதித் தலை வெட்டியிருக்கும்போதே எழுந்து ஓடலாம்போல் இருந்தது அவருக்கு.

மறுநாளே ஒரு வண்டியும் நாலு ஆட்களும் பிடித்தார். மெஷினை ஊரின் மறுகோடியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கடத்த ஏற்பாடு. படுக்கை விரிப்பால் மூடி, கயிறு கட்டித் தூக்கும்போது எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பஞ்சண்ணே, என்னாச்சு?"

"உடம்பு சரியில்லீங்க."

"யாருக்கு?"

"மெஷினுக்கு."

அக்கா வீட்டில் இருப்பதே இரண்டு அறை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மெஷினைச் செருகினார்கள். அக்கா புருஷன், அதாவது அத்தான், அன்று முதல் கால்மாட்டு வழியாக ஏறித்தான் கட்டிலுக்குப் போக முடிந்தது. அவருக்கு பேக்கரியில் இரவு வேலை, தூக்கமெல்லாம் பகலில்தான். அவர் தூங்கும்போது மெஷினை ஓட்ட முடியாது. அவர் வேலைக்குப் போனபின் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஆக, தையல் நின்றது. வட்டி நிற்கவில்லை.

வீட்டிலோ காலிங் பெல் எமனாகிவிட்டது. குருவி கத்துகிற மாதிரி ஒரு பெல், பஞ்சு ஆசைப்பட்டு வாங்கி மாட்டியது. அது கத்தினால் போதும், வீடே உறைந்துவிடும். டிவியின் சத்தம் அடங்கும். சமையலறையில் குழாய் நிற்கும். கல்லூரியில் படிக்கும் மகள் சத்தமில்லாத டிவியின் முன்னால் உட்கார்ந்து, வாயசைவை வைத்தே, "அவன் அவகிட்ட மன்னிப்புக் கேக்கறான்பா, அவ முடியாதுங்கறா" என்று கிசுகிசுப்பாள். பஞ்சு குளியலறைக்கு ஓடி, வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, காற்றுக்கு விட்ட ஜன்னல் வழியாக வாசலைப் பார்ப்பார். அங்கிருந்து பார்த்தால் வந்தவர்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். எந்த உச்சந்தலை ஜப்தி உச்சந்தலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் யாருக்குமே கதவு திறக்கவில்லை. கேஸ் சிலிண்டர் திரும்பிப் போனது. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்த சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் வாளி சறுக்கியது. பஞ்சு வாளியோடும் குவளையோடும் சேர்ந்து விழுந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. வாசலில் நின்ற பெண்குரல் பதறியது. "ஐயோ, உள்ள யாருக்காவது அடிபட்டுருச்சா?"

வலியிலும் பஞ்சுவுக்குக் கடமை மறக்கவில்லை. "வீட்ல யாரும் இல்லீங்க!" என்று கத்தினார்.

சிரிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நாட்களில் அவர் தூங்கவே இல்லை. தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, வந்த பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போனார். எல்லோரும் இறங்கிப் போனார்கள். "எங்க போகணும்?" என்று நடத்துநர் கேட்டதும் திரும்பி வர ஒரு டிக்கெட் வாங்கினார். அதே பேருந்தில் அதே இருக்கையில் உட்கார்ந்து திரும்பி வந்தார். நூல் எங்கே என்று மனைவியும் கேட்கவில்லை.

மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர். குளியலறைச் சம்பவம் நடந்து சில நாள் கழித்து, பல் டாக்டரம்மா ஒருவர் மருந்து வாங்க வந்தார்.

"சோபா தைக்கறவர் உங்க வீட்டுக்காரர்தானே? என் கிளினிக்குக்குச் சீட்டெல்லாம் மாத்தணும்னு பல தடவை வந்தேன். கடைசியா வந்தப்போ வீட்ல யாரும் இல்லைன்னு உள்ளேருந்தே குரல் வந்துச்சு. சரின்னு வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்."

மனைவி சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் அப்படிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டார். "மொத்தம் எத்தனை கடன்?"

"உனக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டு."

"எனக்குத் தெரியாதது?"

பஞ்சு தரையைப் பார்த்தார். இன்னும் இரண்டு இருப்பதைத் தரையிடம் சொன்னார். மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை, அழவும் இல்லை. வாசலுக்குப் போய்க் கதவை அகலத் திறந்து, மூடாமல் இருக்க ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தார்.

"என்ன பண்றே?"

"ஜப்திக்காரங்க வர்றதா இருந்தா வரட்டும். அவங்களுக்குப் பயந்து காசு குடுக்க வர்றவங்களையும் துரத்திட்டு உட்கார்ந்திருக்கோம். இனிமே இந்தக் கதவு பகல்ல மூடாது. மூடினா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன், கடன்காரங்களை நீங்களே வச்சுக் குடும்பம் நடத்துங்க."

கதவு திறந்தே கிடந்தது. அடுத்த வாரமே வந்துவிட்டார்கள்.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வலி, கையில் மடக்குக்குடை. பின்னால் சுமை தூக்கும் ஆட்கள், வாசலில் ஒரு லாரி. பெல்லுக்கு வேலையே இல்லை.

"வீட்டுக்காரர் இருக்காரா?"

"இருக்காரு" என்றார் மனைவி. குளியலறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, வாளியை விட்டு இறங்கி வாங்க. வந்துட்டாங்க" என்றார்.

பஞ்சு வந்தார். அதிகாரி தன் அடையாள அட்டையைக் காட்டி, "கொஞ்சம் உட்காரலாமா?" என்று கேட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகம் மாறியது.

"அப்பாடா. நல்லா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"நானே கட்டினதுங்க" என்றார் பஞ்சு, அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாக.

"அப்படியா? சரி, இதையும் எழுதிக்கறேன்."

டிவி, சோபா, மோட்டார் சைக்கிள் என்று எழுதிக்கொண்டே போனவர் நிமிர்ந்தார். "தையல் மெஷின் எங்க?"

"இல்லீங்க. வித்துட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ சிக்கல்தான். மெஷின் இருந்தா, ஆளுக்குத் தொழில் இருக்குன்னு எழுதுவேன். அதைக் காட்டி நீங்க கோர்ட்டுல தவணை கேக்கலாம்."

"மெஷின் இருந்தா நீங்க தூக்கிட்டுப் போயிருவீங்களே?"

"யார் சொன்னது? தொழில் பண்ற கருவியை நாங்க தொடக் கூடாது. அதையும் எடுத்துட்டா கடனை எதை வச்சுக் கட்டுவீங்க?"

பஞ்சு மனைவியைப் பார்த்தார், மறுபடி அதிகாரியைப் பார்த்தார். "தொட மாட்டீங்களா? நிஜமாவா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். "மேடம், மெஷின் இவரோட அக்கா வீட்ல இருக்கு. அது போனதுலேருந்து வீட்ல ஒரு தையல் விழலை" என்று போட்டு உடைத்தார்.

"நான் கண்ணால பார்க்காம எழுத முடியாதே. எந்தப் பக்கம்?"

சொன்னார்கள். அதிகாரி அன்றைக்கு ஜப்திக்குப் போக வேண்டிய இன்னொரு வீடும் அந்தப் பக்கம்தான் இருந்தது. முழங்காலைத் தடவிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "இதெல்லாம் என் வேலை இல்லை. இருந்தாலும் லாரி அந்தப் பக்கம்தானே போகுது. ஏறுங்க."

எழுதிய சாமான்களை ஏற்றினார்கள். சோபாவை எந்தப் பக்கம் பிடித்தால் துணி கிழியாது என்று பஞ்சுதான் சொல்லிக்கொடுத்தார். முன்னால் டிரைவரும் அதிகாரியும் உட்கார்ந்துகொள்ள, பின்னால் ஆட்களோடு பஞ்சு. நிற்க முடியாதபடி லாரி ஆடியது. "உட்காருங்கண்ணே, உங்க சோபாதானே" என்றார் ஒருவர். ஜப்தியான தன் சோபாவில், காற்றில் தலை கலைய, ஊரின் நடுவே பஞ்சு பவனி வந்தார். பல நாளுக்குப் பிறகு நன்றாக மூச்சு வந்ததாகப் பின்னால் சொல்வார்.

லாரியைப் பார்த்ததும் அக்கா வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டார்.

"இங்க ஒண்ணும் இல்லை! என் தம்பியைப் பார்த்தே வருஷம் ஆச்சு. அவன் இருக்கானா செத்தானான்னே எனக்குத் தெரியாது!"

"அக்கா" என்றது லாரியின் மேலிருந்து ஒரு குரல். "நான் இங்கதான் இருக்கேன்."

"டேய்! உன்னையுமாடா தூக்கிட்டாங்க?" என்று அக்கா அலறினார்.

விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் அத்தான் எழுந்து வந்துவிட்டார். மெஷின் போகிறது என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் ஆளாக மெஷினின் ஒரு காலைப் பிடித்தார். "தூக்குங்க, தூக்குங்க. மவராசனா இருங்க" என்று ஆட்களை வாழ்த்திக்கொண்டே வாசல் வரை வந்தார்.

லாரி திரும்பி வந்தபோது தெருவே வெளியே நின்றது. அள்ளிக்கொண்டு போன வண்டி திரும்பி வந்து ஒரு பெரிய மெஷினை இறக்கி, முன்னறையில் சுவரோரமாக வைத்துவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்தார்கள்.

எதிர்வீட்டுக்காரர் ரகசியமாகக் கேட்டார். "பஞ்சண்ணே, உங்களுக்கு எந்த பேங்க்கு? நானும் அங்கயே வாங்கறேன்."

டிவியும் சோபாவும் மோட்டார் சைக்கிளும் போனது போனதுதான். மகள் அன்று சாயங்காலம் வெறும் சுவரைப் பார்த்துக் கொஞ்சம் அழுதாள். பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பஞ்சு இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கோர்ட்டில் தவணை கிடைத்தது. மற்ற கடன்காரர்களிடம் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய்ப் பேசினார்கள். பைனான்ஸ்காரர் மட்டும் மேஜையைத் தட்டிக் கத்தினார். "கத்துங்க சார், கேட்டுக்கறோம். ஆனா மாசம் இவ்வளவுதான் முடியும்" என்றார் மனைவி. கத்தி முடித்தபின் அவரும் ஒப்புக்கொண்டார். பல் டாக்டரம்மா தன் சுழல் ஸ்டூலுக்கு உறை மாற்றக் கொடுத்தார். பிறகு பள்ளிக்கூட வேன் சீட்டுகள் வந்தன. அதன்பிறகு ஒரு சினிமா தியேட்டரின் சீட்டுகள் வரிசை வரிசையாக வந்தன. முன்பணம் வாங்காமல் ஊசி ஏறக் கூடாது என்பது மனைவியின் சட்டம். வாடிக்கையாளரிடம் அதைக் கேட்கும்போது பஞ்சுவுக்கு இன்றைக்கும் காது சிவக்கும், ஆனாலும் கேட்டுவிடுவார்.

கடனெல்லாம் முடிய ஐந்தாறு வருஷம் ஆனது. நடுவில் இரண்டு மாதம் தவறி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி கட்டினார்கள். கடைசித் தவணை கட்டிய அன்று மனைவிக்கு மருந்துக்கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. பஞ்சு தனியாகப் போய்க் கட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் டீ வாங்கிக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏதோ பெரிதாகத் தோன்றும் என்று காத்திருந்தார். ஒன்றும் தோன்றவில்லை. டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மனைவிக்கு போன் செய்தார்.

"கட்டிட்டேன்."

"ரசீது வாங்கினீங்களா?"

"வாங்கிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ மாத்திரை கேட்கும் சத்தம். பிறகு, "கூட்டமா இருக்கு, வைக்கறேன்" என்ற குரல் உடைந்திருந்தது.

பஞ்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தியேட்டர் மேனேஜர் பால்கனி சீட்டுகளைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். வழியில் நூல் வேறு வாங்க வேண்டியிருந்தது.