வளர்மதி மேடம் சொன்ன இரண்டு சரி

ஜல்லி லாரி எப்போது வரும் என்று எங்கள் வேலைத்தள வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே, வளர்மதி மேடம் காலமாகிவிட்டார் என்று துறை அலுவலகத்திலிருந்து ஒரு வரி. அதற்கும் கீழே, லாரி திருமயம் தாண்டிவிட்டது என்று பதில். கும்பிடும் கைகள் அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் ஜெகதாப்பட்டினம் பக்கத்துப் படகுக்காரர் காதர் பாய் கூப்பிட்டார். "மேடம் மவுத்தாயிட்டாங்களாம் தம்பி. நாம ரெண்டு பேரும் போகணும்," என்றார்.

அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், எங்கள் உறவை நட்பு என்று சொல்ல முடியாது. அவர் உதவிப் பொறியாளர், நான் ஒப்பந்தக்காரன். நான் கட்டுவேன், அவர் இடிக்கச் சொல்வார். திருமயம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்டும்போது படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தலைமையாசிரியருக்கும் ஊர்த் தலைவருக்கும் எனக்கும் ஒரு வாரமாகச் சண்டை. மேடம் வந்தார். சாந்துச்சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "மூணு பேரும் மூஞ்சியப் பாத்துப் பேசாதீங்க. இங்கிட்டு வந்து தரையப் பாத்துப் பேசுங்க," என்றார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் மனதில் வைத்திருந்த இடத்தில் படிக்கட்டு வரவில்லை, நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஜெகதாப்பட்டினம் பக்கம் ஒரு மீன் ஏலக்கூடம் கட்டினேன். தரையில் கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்கான வாட்டத்தை வரைபடத்தில் கடல் பக்கம் காட்டியிருந்தார்கள். "கடல் ஏறுனா தண்ணி அங்கிட்டு எப்படிப் போகும்? ரோட்டுப் பக்கம் திருப்புங்க," என்றார் காதர் பாய். கான்கிரீட் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். நான் சொல்லச் சொல்ல, தாழ்ந்த குரலில் "சரி... சரி..." என்றார். போனை வைத்துவிட்டார்.

அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். காதில் விழுகிறது, மேலே சொல் என்று அர்த்தம். என் மனைவியிடம் நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படிச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சம்மதம் என்கிற வேறொரு சரி தேவைப்பட்டது, அதை எடுத்துக்கொண்டு வாட்டத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.

மீன் கழுவிய தண்ணீர் ரோட்டைத் தாண்டி எதிர்வீட்டு வாசல்களில் தேங்கியது. பெண்கள் மறியல் செய்தார்கள், மனு போனது, பெரிய பொறியாளர் விசாரிக்க வந்தார். "வாட்டத்தைத் திருப்பச் சொன்னது யாரு?" என்று கேட்டார். காதர் பாய் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மேடம் சரின்னாங்க சார்," என்றேன் நான்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். "சரின்னு சொன்னது உண்மைதான் சார்," என்றார். எந்த அர்த்தத்தில் என்று விளக்குவார் என எதிர்பார்த்தேன். விளக்கவில்லை. நான் தளத்தை உடைத்து மறுபடி போட்டேன். அவருக்கு மெமோ வந்தது. அவருக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவர்கள் எல்லாம் மேலே போனார்கள். அவர் உதவிப் பொறியாளராகவே ஓய்வு பெற்றார்.

அதற்கப்புறமும் என் வேலைகளுக்கு அவர்தான் வந்தார். முகம் சுளித்ததில்லை. ஆனால் என்னிடம் சரி என்ற சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. "கம்பி மாத்தி இறக்கியிருக்கேன் மேடம், சரிங்களா?" என்றால், "கேட்டுக்கிட்டேன்" என்பார். இன்னொரு தடவை கேட்டால், "காதுல விழுந்தது வேற, ஒத்துக்கிட்டது வேற. நேர்ல பாத்துட்டு எழுதித் தாரேன்," என்பார். என் ஆட்கள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இந்தத் தொழில் எனக்கு அலுத்துவிட்டது. துறை எனக்குக் கடிதம் எழுதுகிறது, நான் துறைக்கு எழுதுகிறேன், ஊர் கலெக்டருக்கு எழுதுகிறது. ஆளுக்கொரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம், தரையை யாரும் பார்ப்பதில்லை. இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றுகிறது.

போன மாதம் புதுக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். சிறுநீரகம் கெட்டு மிகவும் இளைத்திருந்தார். அவர் கணவர் காபி கொண்டுவர உள்ளே போன நேரத்தில் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு விசாரணையில நான் பண்ணுனது தப்பு மேடம். நீங்க என்ன அர்த்தத்துல சொன்னீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். என்னை மன்னிச்சிருங்க."

போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டார். பிறகு, "சரி," என்றார்.

எந்தச் சரி என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. காபி வந்துவிட்டது.

நேற்று அடக்கம் முடிந்து காதர் பாயும் நானும் ஒரே காரில் திரும்பினோம். அறந்தாங்கி நெருங்கும்போது அவர், "மன்னிப்புக் கேட்டீங்களா தம்பி? நான் கடைசி வரைக்கும் கேக்கல," என்றார்.

"கேட்டேன் பாய்."

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"அப்படின்னா மன்னிச்சுட்டாங்க," என்றார் அவர். மேடத்திடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான். இந்தத் தடவை எனக்கு வேண்டிய அர்த்தத்தில் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்.