கொம்பில்லாத கொம்பன்

வீட்டுக் கதவை அவள் முழங்கையால்தான் தட்டுவாள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கைதான். ஆனாலும் பகலெல்லாம் சாணியில் அளைந்த விரல் கதவில் படக் கூடாது என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். "மகாராணி வந்தாச்சு, வழிவிடுங்க!" என்று யாருமில்லாத கூடத்தைப் பார்த்து அறிவித்துவிட்டுத் திறப்பான் ஒல்லித் தையல்காரக் கணவன்.

ஆய்வுக்கூடத்தில் சாணி வண்டு வளர்ப்பது அவள் வேலை. மணல் நிரப்பி மேலே சாணி வைத்த வாளிகள், இரண்டு வரிசை. இரண்டு இனமும் சாணியை உருட்டிப் போவதில்லை. அதற்கடியிலேயே சுரங்கம் தோண்டி உள்ளே இழுத்து முட்டையிடும். ஆணுக்குக் கொம்புள்ள இனத்தைக் கொம்பன் என்பாள், இல்லாததை மொட்டை என்பாள். கொம்பனின் சுரங்கம் கிணறுபோல நேரே இறங்கும். மொட்டையுடையது வேர்போல மேலாகவே கிளை பிரியும். எது மேய்ச்சல் நிலத்துக்கு உதவும் என்று ஒப்பிடத்தான் இத்தனை பாடும்.

அந்தப் பருவம் மொட்டை வரிசையில் பாதி வாளிகளில் முட்டையே இல்லை.

"இந்த வம்சம் விளங்காது போலிருக்கே. வரிசையையே எடுத்துடலாம்," என்றார் ஆய்வை நடத்தும் மேடம்.

ஒரு வரிசைக்கு ஓர் ஆள் போதும். கடைசியாக வேலைக்கு வந்தவள் அவள்தான்.

முட்டையில்லாத வாளிகளின் ஆண்களை லென்ஸுக்கடியில் வைத்தாள். மொட்டைக்கு முதுகில் பூனைமயிர் இருக்கும். இவற்றின் முதுகோ எண்ணெய் பூசியதுபோல வழவழவென்றிருந்தது. அது கொம்பனின் முதுகு! கொம்பில்லாத ஆணெல்லாம் மொட்டை என்று பிரித்துப் போட்டவள் அவளேதான். இனம் மாறிச் சேர்ந்த ஜோடிக்கு முட்டை எங்கிருந்து வரும்?

சொன்னாலும் வேலை போகலாம். வாயை மூடிக்கொண்டால் வரிசையோடு நிச்சயம் போகும்.

"மேடம், வண்டு மேல தப்பில்ல. நான்தான் கல்யாணத்தை மாத்திப் பண்ணி வெச்சுட்டேன்."

லென்ஸில் குனிந்த மேடம் நிமிர நேரமாயிற்று. "புழுவா இருக்கறப்போ தீனி பத்தலைன்னா கொம்பு முளைக்காது. படிச்சதுதான், கோட்டை விட்டுட்டேன். நீ ஜோடியை மாத்திப் போடு, பாப்போம்."

அடுத்த பருவம் மொட்டை வாளிகளைக் கவிழ்த்தபோது கிளைக்குக் கிளை முட்டை உருண்டைகள். வரிசை பிழைத்தது, அவளும் பிழைத்தாள்.

அந்தக் கொம்பில்லாத கொம்பன்கள் சண்டைக்கே போகாது. கொம்புள்ள பெரியவன் சுரங்கவாசலில் காவல் நிற்க, பக்கத்தில் தனியாகத் தோண்டிப் பெண்ணிடம் போய்விடும் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள்.

கணவன் ஊசியில் நூல் கோர்த்தபடியே கேட்டான்: "இதுல என்ன அதிசயம்? உங்கண்ணனுங்க முன்வாசல்ல கம்போட காவல் நின்னப்போ, உன்னைப் பாக்க நான் பின்பக்கச் சுவரேறித்தானே வந்தேன்?"