என் நடைக்கு வந்த கேடு

என் மகன் போன தடவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தபோது ஒரு வாட்ச் வாங்கி வந்து என் கையில் கட்டிவிட்டுப் போனான். மணி பார்க்கத்தான் என்று நினைத்தேன். அது கோள் சொல்லும் வாட்ச் என்பது அவன் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன், எவ்வளவு வேகமாக நடந்தேன் என்பதெல்லாம் அவனுடைய செல்போனுக்குப் போய்விடுமாம்.

கொஞ்ச நாள் சும்மா இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"அப்பா, உங்க நடை ஸ்பீடு மாசா மாசம் குறைஞ்சுக்கிட்டே வருதுப்பா."

"குறைஞ்சா குறைஞ்சிட்டுப் போவுது. நான் என்ன பஸ்ஸா புடிக்கப் போறேன்?"

"அதுக்கில்லப்பா. வயசானவங்க நடை மெதுவானா, சில பேருக்கு ஞாபக சக்தி குறையப் போறதுக்கு அது முன்னறிகுறியா இருக்கலாமாம். டாக்டர்கிட்ட காட்டிருங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. நான் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவன். புது ஆறு என்று நாங்கள் சொல்லும் பெரிய கால்வாயின் கரையிலும் அதன் கிளை வாய்க்கால்களிலும் நடந்தே சர்வீஸை முடித்தவன். மதகைத் திறந்துவிட்டால் தண்ணீர் கடைமடைக்கு வருவதற்கு முன்னால் நான் வந்து நிற்பேன் என்று விவசாயிகள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட என் நடையில், கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு இவன் குற்றம் கண்டுபிடிக்கிறான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. வீடியோவில் யார் வந்தாலும் எனக்குப் பரீட்சை. "இன்னைக்கு என்ன கிழமைப்பா?" என்பான் மகன். "நேத்து ராத்திரி என்ன சாப்டீங்க மாமா?" என்பாள் மருமகள். "உன் மாமியார் என்ன போட்டாளோ அதைத்தான் சாப்பிட்டேன்" என்பேன். நான் மறந்துவிட்டுச் சமாளிக்கிறேன் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எதிர்வீட்டுக்காரர் வேறு எப்படியோ கேள்விப்பட்டு, என்னைக் கண்டால் காது கேளாதவனிடம் பேசுவதுபோலக் கத்திப் பேச ஆரம்பித்தார். மறதிக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடமே கேட்டேன். "பாருங்க, இப்பவே கோவம் வருது" என்றார்.

இது போதாதென்று என் மனைவி வல்லாரைக் கீரையைக் கையில் எடுத்தாள். துவையல், பொரியல், தோசையில் வல்லாரை, ரசத்திலும் வல்லாரை. காலையில் அரைத்த துவையல் கிண்ணம் நிறைய அப்படியே இருக்கும், சாயங்காலம் மறுபடியும் அம்மியடியில் உட்கார்ந்திருப்பாள். "காலையிலதான அரைச்ச?" என்றால், கிண்ணத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இருந்தா என்ன, உங்களுக்குத்தான நல்லது" என்பாள். பிள்ளை சொல்லிவிட்டான் என்று இப்படியா ஒரு மனுஷனைப் போட்டு வதைப்பது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

வெளியில் கத்தினேனே தவிர உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. குளித்துக்கொண்டிருக்கும்போது புது ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் பெயரை மேலிருந்து கீழ் வரை சொல்லிப் பார்ப்பேன். ஒன்று உடனே வராவிட்டால் மறுபடியும் மேலிருந்து ஆரம்பிப்பேன். எனக்குப் புத்தி கலங்கினால் இவளை யார் பார்த்துக்கொள்வது? பேங்க், ரேஷன், கேஸ் என்று எந்த வேலைக்கும் அவள் தனியாகப் போனவள் இல்லை. மகன் அங்கே கூப்பிட்டுக்கொள்வான். அந்தக் குளிரில், அந்த பாஷையில், அவள் என்ன செய்வாள்? அந்த நினைப்பு வந்த பிறகு டாக்டரிடம் போகச் சம்மதித்தேன்.

டாக்டர் சின்னப் பெண். மனைவியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். உள்பக்கம் இருந்த நீளமான வராண்டாவில் என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன். இன்னும் வேகமாக நடக்க முடியுமா என்று கேட்டார். கடைமடைக்குப் போகிற நடையைக் காட்டினேன், எதிரே வந்த நர்ஸ் ஒதுங்கி நின்றார். பிறகு கேள்விகள். ஒன்று விடாமல் சொன்னேன். கேட்காத வாய்க்கால் பெயர்களையும் சேர்த்துச் சொன்னேன்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லிங்க சார். வயசுக்கு நல்லாவே நடக்கிறீங்க."

"இதத்தாம்மா நான் தொண்டை கிழியக் கத்துறேன்! அந்த வாட்ச்தான் கோளாறு."

அதோடு விட்டிருப்பேன். அவர் விடவில்லை. "வாட்ச் வேகம் குறைஞ்சதா காட்டுதே. தினமும் தனியாவா நடக்கிறீங்க?"

"இல்ல, வீட்டுக்காரம்மாவும் வருவாங்க. பின்னாடி."

"பின்னாடின்னா?"

சிட்டியில் படித்த பிள்ளை போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நடக்கிற வழக்கம் கிடையாது. வரப்பில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியுமா? ஆண் முன்னால் போவான், நாலு எட்டு பின்னால் பெண் வருவாள். தார் ரோடு வந்த பிறகும் எங்கள் வயதுக்காரர்கள் அப்படித்தான் நடக்கிறோம். திரும்பியெல்லாம் பார்ப்பதில்லை. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். இதை அவருக்கு விளக்கினேன்.

"சத்தம் கேக்கலைன்னா?"

"கொஞ்சம் மெதுவாப் போவேன்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே காதில் விழுந்தது. டாக்டர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார்.

பெஞ்சிலிருந்து அந்த அறைக்கு எவ்வளவு தூரம் இருக்கும்? கல்யாணமான நாளிலிருந்து அவள் நடந்து வருவதை முன்னாலிருந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தேன். தரையில் ஈரம் இருப்பதுபோல, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் நின்றாள். பிறகு என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"காலைல என்னம்மா சாப்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்களேன்."

"இல்லம்மா, நீங்களே சொல்லுங்க. இது என்ன மாசம்?"

மறுபடியும் என் பக்கம் திரும்பினாள். அவள் வெகுநாளாகவே இப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் என்னைப் பார்ப்பாள், நான் பதில் சொல்வேன். எங்கள் சொந்தக்காரர்கள் அதை அடக்கம் என்று மெச்சுவார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அன்றைக்கு வாய் வரை வந்த பதிலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை என்றதும் முகம் வாடி, புடவைத் தலைப்பைத் திருக ஆரம்பித்தாள்.

அவளை மறுபடியும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்த பிறகு, முட்டி வலியாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். ராத்திரி மகனிடம் தனியாகப் பேசினேன். வாட்சில் தப்பில்லை, கட்டின கைதான் தப்பு என்றேன். அவன் அழுதான். அழுது என்ன பிரயோஜனம் என்று அவன்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஸ்கேனுக்கு இன்னும் முறை வரவில்லை. அவளைப் பொறுத்தவரை நோயாளி நான்தான். வல்லாரை இன்னும் நிற்கவில்லை, நானும் இப்போது மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறேன்.

இன்று காலை நடக்கக் கிளம்பும்போது வாட்சைக் கழற்றி அவள் கையில் கட்டப் போனேன். "எனக்கு எதுக்குங்க? உங்களுக்குத்தான மறதி!" என்று கையை இழுத்துக்கொண்டாள். இனிமேல் நான் தனியாக முன்னால் போகக் கூடாதாம், எங்கேயாவது வழி தவறிவிடுவேனாம். தெருவே பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. கரையோரமாக அவள் வேகத்திலேயே நடந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

பாலத்தடியில் பாதை பிரியும். இடது பக்கம் எங்கள் தெரு. வலது பக்கம் போனால் மெயின் ரோடு. மகன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நாங்கள் போய் வருகிற வழி அது. அங்கே வந்ததும் அவள் நின்றுவிட்டாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. பிறகு மகன் வீடியோவில் கேட்பானே, அதே குரலில் என்னைக் கேட்டாள்.

"எங்க, வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க பாப்போம்?"

இந்த மாதிரிக் கேள்வி கேட்ட ஒருவரையும் நான் விட்டு வைத்ததில்லை.

"இடது பக்கம்" என்றேன்.

"பரவால்லியே, ஞாபகம் வச்சிருக்கீங்களே" என்று சொல்லி, என்னை இடது பக்கம் அழைத்துக்கொண்டு போனாள்.