பெயருக்குக் கீழே ஒரு வேலை

இங்கே சிங்கப்பூரில், எங்கள் சைட்டில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: வொர்க்கர். கல் வைக்கிற நானும் வொர்க்கர், கலவை தூக்குகிறவனும் வொர்க்கர். நெய்வேலியில் அப்படியில்லை. கரணை பிடித்தால் கொத்தனார், கலவை போட்டால் பெரியாள், சட்டி சுமக்கும் பெண் சித்தாள். கொத்தனாரைப் போய் பெரியாள் என்று கூப்பிட்டால் அன்றைக்கு வேலை நடக்காது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலே எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு. பெர்மனென்ட். நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் எங்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு பெர்மனென்ட் வேலை என்றார்கள். அப்பா, என் தம்பி ஆரோக்கியத்தின் பெயரை எழுதிக்கொடுத்தார். அவன் பத்தாவது பாஸ், நான் எட்டோடு நின்றவன். நியாயம்தான். நியாயம் என்பதால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா? அவனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, பெண் வீட்டார் தேடி வந்தார்கள். நான் காண்ட்ராக்டில் அதே குவார்ட்டர்ஸ்களுக்கு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவன் வீட்டுச் சமையலறைக்கே தரை போட அனுப்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று யார் வந்திருப்பது என்று கேட்டார்.

"தரை போட ஆள் வந்திருக்குதுங்க" என்றான் தம்பி.

உள்ளே கரணையோடு உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. ஒரு குறை சொல்ல முடியாதபடி தரையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாளே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தேன்.

போன மாதம் அவன் போன் செய்தான். தங்கை கல்யாணம், பத்திரிகை அடிக்க வேண்டும். எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயருக்குக் கீழே வேலையும் வரவேண்டும்.

"ஒனக்கு என்னா போடட்டும்ணா? இன்ஜினியர்னு போட்டுடறேன். மாப்ள வூட்ல கவுரவமா இருக்கும்."

"ஆளுன்னு போடு" என்றேன்.

"அத இன்னுமா மனசுல வச்சிக்கினு இருக்க?" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை.

பத்திரிகையோடு, குவார்ட்டர்ஸ் வாசலில் சட்டையை டக் செய்து அவன் நிற்கும் போட்டோவும் வந்தது. எங்கள் சீன சூப்பர்வைசர் அதை வாங்கிப் பார்த்து, "ப்ரதர் ஆல்சோ வொர்க்கர்?" என்றார். "யெஸ், ஸேம் ஸேம்" என்றேன். அன்று முழுக்க எனக்கு அது இனித்தது. பெருந்தன்மை இல்லைதான்.

பத்திரிகையில் என் பெயர்தான் முதலில் இருந்தது. கீழே, 'கொத்தனார், சிங்கப்பூர்' என்று அச்சடித்திருந்தான். கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்தன்று காலை, வடக்குத்தில் வீடு வீடாகப் போயிருந்த பத்திரிகையில் நான் கொத்தனாராக இருக்க, இங்கே சூப்பர்வைசர் "வொர்க்கர்" என்று கூப்பிட்டார். பத்துப் பேரோடு நானும் திரும்பிப் பார்த்தேன்.