காணிக்கை அரிசிக்குள் இருந்தது

சம்பாய் என்ற மலையூரின் கடைத்தெருவில் கடுகுக்கீரையும் முட்டைக்கோசும் விற்றுப் பிழைக்கிறவள் பியாக்கி. மிசோரத்துக் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம்போல, உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தகர டப்பாவில் போட்டுவிடுவாள். கணவன் இறந்த மாதத்தில்கூட அந்தப் பிடி நின்றதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ரெம்புயி சொன்னாள்: “நீ களைச்சு வர்றேம்மா. இனிமே கர்த்தர் அரிசிய நான் போடுறேன்.”

பியாக்கிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மாதர் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள்.

போன சனிக்கிழமை, பள்ளிக் கழிப்பறையில் இரண்டு பிள்ளைகள் போதையில் நினைவிழந்து கிடந்தார்கள். ஊர் இளைஞர் சங்கம் மாணவர் வீடுகளில் எல்லாம் தேடியது. பியாக்கி பெட்டியையும் படுக்கையையும் தானே திறந்து காட்டினாள். ஒருவன் தகர டப்பாவின் மேல் கை வைத்ததும் தட்டிவிட்டாள்.

“தம்பி, அது கர்த்தரோடது! என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல. இந்த அரிசி மேல சத்தியம்.”

அவன் வெட்கப்பட்டு விலகினான். ரெம்புயி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள்.

வழக்கமாக ஞாயிறு மாலை சபைக்காகக் காணிக்கை அரிசி சேகரிக்க வரும் சோங்கி, இந்த முறை மழையால் திங்கள் காலையில் வந்தாள். ரெம்புயி பள்ளிக்குப் போயிருந்தாள். பியாக்கி டப்பாவைச் சாக்கில் கவிழ்த்தாள். அரிசியோடு ஒரு சோப்பு டப்பியும் விழுந்தது.

“ஏண்டி, போதகர் குளிக்கலைன்னு யார் சொன்னா?” என்று சிரித்தபடியே சோங்கி அதைத் திறந்தாள். சிரிப்பு நின்றது. உள்ளே வெள்ளைத் தூள் பொட்டலங்கள்.

“நான் ஒண்ணும் பாக்கல, ரெம்புயி அம்மா. அடுப்புல போட்டுடு.”

பியாக்கி போடவில்லை. அன்று கடையும் திறக்கவில்லை.

மாலையில் வந்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலி டப்பாவைத்தான் பார்த்தாள்.

“நேத்து அவங்க வரலன்னுதான் திரும்ப அதுக்குள்ள வச்சேன். இன்னைக்கு வந்தாங்களா?”

“இதுல ஏண்டி வச்சே?”

“அங்கதான் நீ யாரையும் கை வைக்க விடமாட்டே.”

அப்படியானால் அந்த இரண்டு மாத நன்றி ஜெபமெல்லாம் யாருக்கு?

“போய்ச் சொல்லாதம்மா. நீ சத்தியம் பண்ணிருக்கே. உன்னத்தான் பொய்க்காரின்னுவாங்க.”

“பொய்தானே சொல்லிருக்கேன். வா, போய்த் திருத்திட்டு வரலாம்.”

தூள் கிடைக்காமல் மகளின் கை வியர்த்துச் சில்லிட்டிருந்தது. பியாக்கி விடாமல் பிடித்துக்கொண்டு மேடேறினாள். சங்கக் கூடத்தின் வாசலில் நின்றது அதே இளைஞன்.

“அன்னைக்கு உன் கையத் தட்டிவிட்டேன், தம்பி,” என்று அவள் சோப்பு டப்பியை நீட்டினாள். “இந்தா, நீ தேடினது. இவளையும் கூட்டிட்டு வந்திருக்கேன். அடிக்காதீங்க. வைத்தியம் பண்ணுங்க.”